விடியற்காலையில் வழி கேட்பது எப்படி?

தியானத்திற்கு: சங்கீதம் 5:3, 143:8, 1 சாமுவேல் 23:1-14, மாற்கு 1:32-38



சென்ற மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். நம் சபையின் ஒரு சகோதரி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்கள். மகனுக்கு வளைகுடா நாட்டில் வேலை வந்திருக்கிறதாம். ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால்தான் பணம் புரளும். "பாஸ்டர், நாளைக்கு விடியக்காலம் ஜெபம் பண்ணி, அனுப்பலாமா வேண்டாமான்னு கர்த்தர்கிட்ட கேட்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நீங்க சொன்னா அப்படியே செஞ்சர்றோம்" என்றார்கள்.

"சரிம்மா, ஜெபிக்கிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊழியக்காரன் வாயிலிருந்து வருகிற ஒரு வார்த்தையை நம்பி, இருக்கிற ஒரே வீட்டை அடகு வைக்க ஆயத்தமாய் இருக்கிறார்களே என்ற பயம். இன்னொரு காரணமும் உண்டு. இதே மாதிரி ஒரு விடியற்காலை ஜெபத்தில் "வார்த்தை கிடைச்சிருச்சு" என்று சொல்லி எழுந்தவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சி என்றால் ஜெயித்ததை மட்டும் சொல்வது நமக்குள் வழக்கமாகிவிட்டது. தோற்றதையும் சொன்னால்தான் சபைக்குப் பிரயோஜனம்.

எட்டுப் பவுன்

2010ஆம் வருஷக் கடைசி. அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த ஒரு நண்பர், நாம் இரண்டு பேரும் சேர்ந்து சின்னதாக ஒரு தையல் யூனிட் போடலாம், ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யலாம் என்றார். ஓவர்லாக் மெஷின் நாலு, பிளாட்லாக் இரண்டு, ஒரு வாடகை செட். என் பங்குக்குப் பணம் இல்லை. மனைவியின் நகை எட்டுப் பவுன் இருந்தது.

நான் ஜெபிக்காமல் இறங்கவில்லை. அதுதான் வேடிக்கை. மூன்று நாள் காலை நாலரை மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றேன். மூன்றாம் நாள் மேஜைமேல் இருந்த வாக்குத்தத்தப் பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்தேன். உபாகமம் 28ஆம் அதிகாரம். தலையும் வாலும் பற்றிய அந்த வசனம், உங்களுக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்படியில் நின்றுகொண்டே, "ஏனுங்க, எனக்கென்னமோ மனசு ஒப்பலைங்க. சாயப்பட்டறைக் கேஸ் கோர்ட்டுல நடக்குதுன்னு எல்லாரும் பேசிக்கறாங்களே. துணி வராட்டி என்னத்தைத் தைக்கறது? ஜனவரி கழியட்டுமே" என்றாள்.

"கர்த்தர் பேசின பிறகு உனக்கு என்ன சந்தேகம்? விசுவாசம் இல்லையா?" என்றேன்.

அதற்குமேல் அவள் பேசவில்லை. நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு நான் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் எனக்கு வழி திறந்தார் என்று சாட்சியும் சொன்னேன்.

2011 ஜனவரிக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாதபடி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆறு இருந்த இருப்பைப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் சாயம் ஏறாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. பெரிய கம்பெனிகள் வெளியூருக்குத் துணியை அனுப்பிச் சாயம் போட்டுச் சமாளித்தன. எங்களைப் போல ஆறு மெஷின் வைத்திருந்தவர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஜூன் மாதம் மெஷின்களைப் பாதி விலைக்கு விற்றோம். நகை ஏலத்தில் போய்விட்டது.

மனைவி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. காட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். அதைவிட வேதனை, நான் சாட்சி சொன்னபோது ஸ்தோத்திரம் சொன்ன அதே ஜனங்களின் முகத்தைப் பார்ப்பது. நஷ்டம் என்னுடையது. ஆனால் கர்த்தர் சொன்னார் என்று சொல்லி, அவர் நாமத்தையும் அல்லவா அதில் இழுத்துவிட்டேன்.

தாவீது இரண்டாம் தரம் கேட்டான்

அதற்குப் பிறகு நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கச் சேர்ந்தேன். அங்கே ஒருநாள் 1 சாமுவேல் 23ஆம் அதிகாரம் பாடமாக வந்தது. வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துவிட்டது.

கேகிலா என்கிற ஊரைப் பெலிஸ்தர் தாக்கி, களத்துமேட்டில் இருந்த தானியத்தைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று தாவீதுக்குச் செய்தி வருகிறது. அவன் கர்த்தரிடத்தில் விசாரிக்கிறான். போகச் சொல்லி உத்தரவு கிடைக்கிறது. இப்போது அவனுடைய ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? யூதாவில் இருக்கும்போதே நமக்குப் பயமாயிருக்கிறது, கேகிலாவுக்குப் போனால் எப்படி என்கிறார்கள். இந்த இடத்தில் தாவீது என்ன செய்திருக்கலாம்? "கர்த்தர் பேசின பிறகு உங்களுக்கு என்ன சந்தேகம்?" என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். நான் என் மனைவியிடம் செய்தது அதுதான். தாவீதோ திரும்பவும் கர்த்தரிடத்தில் போய் விசாரித்தான் (4ஆம் வசனம்). கூட இருக்கிறவர்களின் பயத்தை அவன் அவிசுவாசம் என்று தள்ளிவிடவில்லை. அதையும் எடுத்துக்கொண்டு ஜெபத்துக்குப் போனான். கர்த்தரும், ஒருதரம் சொன்னேனே என்று கோபிக்கவில்லை. மறுபடியும் சொன்னார், முன்னைவிடத் தெளிவாய் வெற்றியையும் வாக்குப்பண்ணினார்.

என் மனைவியின் வாயிலிருந்து வந்தது அவிசுவாசம் அல்ல, எனக்கு வந்த எச்சரிப்பு. நான் இரண்டாம் தரம் கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் கவனியுங்கள். தாவீது போனான், ஜெயித்தான், அந்த ஊரை இரட்சித்தான். இப்போது சவுல் படையோடு வருவதாகக் கேள்விப்படுகிறான். அபியத்தாரை அழைத்து ஏபோத்தைக் கொண்டுவரச் சொல்லி ஜெபிக்கிறான். ஒரே ஜெபத்தில் இரண்டு கேள்வி. இந்த ஊரார் என்னைப் பிடித்துக் கொடுப்பார்களா? சவுல் வருவானா? பதிலைப் பாருங்கள், ஒரு கேள்விக்குத்தான் வருகிறது: சவுல் வருவான். முதல் கேள்விக்குப் பதில் இல்லை. போதும் என்று தாவீது எழுந்துவிடவில்லை. விட்டுப்போன கேள்வியைத் திரும்பக் கேட்கிறான். அது கேட்க யாருக்கும் மனசு வராத கேள்வி. நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றின ஜனங்களே என்னைக் காட்டிக் கொடுப்பார்களா? ஆம், கொடுப்பார்கள் என்று பதில் வந்தது.

பிரியமானவர்களே, 2010ல் அந்த மூன்று நாளும் நான் கர்த்தரிடம் கேள்வியே கேட்கவில்லை. "ஆண்டவரே, இந்தத் தொழிலை ஆசீர்வதியும்" என்று விண்ணப்பம்தான் வைத்தேன். முடிவை நானே எடுத்துவிட்டு, கையெழுத்து மட்டும் அவரைப் போடச் சொன்னேன். பட்டறை மூடினால் வேலை வருமா என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஏன்? பதில் வேண்டாம் என்று வந்துவிடுமோ என்ற பயம்தான். அட்டை எடுத்ததும் அதனால்தான். அந்தப் பெட்டியில் 'வேண்டாம்' என்று சொல்லுகிற அட்டையை நான் பார்த்ததே இல்லை!

வாக்குத்தத்த அட்டை தப்பு என்று சொல்ல வரவில்லை. என் வீட்டில் இன்றைக்கும் அந்தப் பெட்டி இருக்கிறது. சோர்ந்துபோன நேரத்தில் எத்தனை தரம் அது என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது! ஆனால் தேற்றுகிறதற்குக் கொடுக்கப்பட்ட வசனத்தை, குறி கேட்கிற மாதிரி உபயோகிக்கக்கூடாது. அந்த உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே, அவர் சத்தத்துக்குச் செவிகொடுத்தால் என்கிற நிபந்தனையோடு ஆரம்பிக்கிறது. அட்டையில் அது அச்சாகவில்லை.

தீர்க்கதரிசனமும் அப்படியே. ஆவியானவர் இன்றும் பேசுகிறார், அதை நான் பூரணமாய் விசுவாசிக்கிறேன். ஆனால் தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணவேண்டாம் என்ற அதே பவுல், எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொன்னார் (1 தெச. 5:20,21). அகாபு சொன்ன ஒரே வார்த்தையைக் கேட்டு, சகோதரர்கள் 'போகவேண்டாம்' என்று அழுதார்கள், பவுலோ போவதற்கு ஆயத்தமானார் (அப். 21:10-14). வார்த்தை ஒன்றுதான். அதை வைத்து என்ன செய்வது என்பதைப் பவுல்தான் தேவனுக்கு முன்பாக நின்று தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஏன் காலையில்?

சங்கீதம் 5:3ல் நம் தமிழ் வேதாகமத்தில் 'ஆயத்தமாகி' என்று இருக்கிறதே, அதற்கு எபிரெயத்தில் 'ஆரக்' என்கிற சொல். பலிபீடத்தின்மேல் விறகுகளை அடுக்குகிறதற்குச் சொல்லப்படுகிற சொல் அது. ஆபிரகாம் மோரியா மலையில் கட்டைகளை அடுக்கினபோதும் (ஆதி. 22:9) இதே சொல்தான். ஆகவே காலையில் தாவீது செய்தது வாய்க்கு வந்ததைக் கொட்டுவது அல்ல. தன் காரியங்களை ஒவ்வொரு கட்டையாக எடுத்து அடுக்குகிறான். அடுத்து வருகிற 'காத்திருப்பேன்' என்பது காவல்கோபுரத்தில் நின்று தூரத்தில் எது வருகிறது என்று பார்க்கிறவனுடைய சொல். ஆபகூக் 2:1லும் அதே சொல்லைக் காண்கிறோம். நம்மில் அநேகர் அடுக்குகிறதும் இல்லை, பார்க்கிறதும் இல்லை. ஆமென் சொன்னவுடன் பால் வாங்க ஓடிவிடுகிறோம்.

ஆண்டவராகிய இயேசுவைப் பாருங்கள். கப்பர்நகூமில் முந்தின நாள் சாயங்காலம் ஊர் முழுவதும் வாசலில் கூடிவிட்டது. அநேகர் சுகமானார்கள், பிசாசுகள் ஓடின. எழுப்புதல் என்றால் அதுதான் எழுப்புதல். நாமாக இருந்தால் மறுநாளே பெரிய பந்தல் போட்டிருப்போம். அவரோ இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றான். அந்தச் செய்தியில் ஒரு பொய்யும் இல்லை. நல்ல வாசல்தான் திறந்திருக்கிறது. ஆனால் ஜெபித்து எழுந்தவர், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். வாசல் திறந்திருப்பதும் வழி காட்டப்படுவதும் ஒன்றல்ல என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. சீமோனுடைய சத்தம் வருவதற்கு முன்னே பிதாவின் சத்தத்தைக் கேட்டிருந்தபடியால் அவருக்குக் குழப்பம் இல்லை. பொழுது விடிந்து போன் அடிக்க ஆரம்பித்துவிட்டால் நமக்கு எத்தனை சீமோன்கள்!

இன்னொன்று. எழுந்தவுடன் முதலில் என்ன செய்வது? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பட்டணத்தில் 1836ல் அனாதைப் பிள்ளைகளுக்காக வீடு திறந்த ஜார்ஜ் முல்லர், பல வருஷங்கள் எழுந்தவுடன் ஜெபத்தைத்தான் ஆரம்பித்தாராம். மனது கால் மணி, அரை மணி நேரம் அலைந்துகொண்டே இருக்குமாம். பிறகு வசனத்தை வாசித்துத் தியானிப்பதில் ஆரம்பித்தபோது ஜெபம் தானாக வந்தது என்று 1841ல் எழுதிவைத்தார். முல்லருக்கே மனம் அலைந்தது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். நான் ஒரு சங்கீதம் வாசித்து ஆரம்பிக்கிறேன். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். காரியத்தை அதில் எழுதுவேன்: எனக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, யாரிடம் விசாரிக்க வேண்டும். கடைசியில் என் ஆசை எந்தப் பக்கம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுவேன். அதுதான் கஷ்டம். ஆசையைத் தாளில் பார்த்துவிட்டால், அதைக் கர்த்தருடைய சத்தம் என்று நினைத்து ஏமாறுவது கொஞ்சம் குறைகிறது.

விசாரிப்பது அவிசுவாசம் என்று நினைக்காதீர்கள். கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தைக் கொண்டுவந்து யோசுவாவை ஏமாற்றினபோது, இஸ்ரவேலர் கர்த்தரிடம் கேட்கவில்லை என்று வேதம் குற்றம் சொல்கிறது (யோசு. 9:14). என் குற்றமோ வேறுவிதம். ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த கோர்ட் கேஸை நான் விசாரிக்கவே இல்லை, ஜெபம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டேன்.

பதில் வராத காலை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக்கூடாது. நோட்டு எழுதி, சங்கீதம் வாசித்து, காத்திருந்தும் ஒரு சத்தமும் கேட்காத காலை உண்டு.

2019 ஆகஸ்டில் என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் கட்டி. எழுபத்துநாலு வயது, இருதயமும் பலவீனம். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், மேஜையிலேயே போகவும் கூடும் என்றார் டாக்டர். காலை எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும். மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலு மணிக்கு நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன். அந்நிய பாஷையில் ஜெபித்தேன், தமிழில் அழுதேன். ஒரு வசனமும் எழும்பவில்லை. ஒரு சமாதானமும் வரவில்லை. தாவீதுக்கு இருந்த ஏபோத்து எனக்கு இல்லையே ஆண்டவரே என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஆறு மணி வாக்கில் ஒன்று தோன்றியது. அதைக் கர்த்தருடைய சத்தம் என்று நான் இன்றுவரை சொல்லத் துணியவில்லை. இரண்டு நாளாக நானும் தம்பியும் தங்கையும் டாக்டரும் பேசிக்கொண்டே இருக்கிறோம், அப்பாவிடம் யாரும் கேட்கவில்லையே என்று தோன்றியது. கேட்கப் பயம். உள்ளே போய் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படின்னா ஊட்டுக்குப் போயிரலாம் கண்ணு. திண்ணையில படுக்கோணும்" என்றார்.

கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நாற்பத்தொரு நாள் இருந்தார். அதில் முப்பது நாளாவது நல்ல நினைவோடு, பேரப்பிள்ளைகளோடு காலை ஜெபத்தில் உட்கார்ந்தார். ஆபரேஷன் செய்திருந்தால் இன்னும் சில வருஷம் இருந்திருப்பாரோ? விசுவாசம் இருந்திருந்தால் செய்திருப்பீர்கள் என்று சொன்னவர்களும் உண்டு, விசுவாசம் இருந்தால் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கமாட்டீர்கள் என்று சொன்னவர்களும் உண்டு. என்னிடம் பதில் இல்லை. கேகிலாவை விட்ட தாவீதும் அவனோடிருந்த ஏறக்குறைய 600 பேரும் போகக்கூடிய இடத்துக்கெல்லாம் போனார்கள் என்றுதான் 13ஆம் வசனம் சொல்கிறது. நேற்றைக்கு அவ்வளவு தெளிவாய்ப் பதில் பெற்றவனுக்கு, இன்றைக்கு எந்த ஊர் என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் அவர்கள் வனாந்தரத்தில் தங்கியிருந்த நாளெல்லாம் தேவன் அவனைச் சவுலின் கையில் விடவில்லை.

அந்தச் சகோதரியிடம் நான் 'வார்த்தை' எதுவும் சொல்லவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நோட்டை விரித்து, தெரிந்ததையும் தெரியாததையும் எழுத வைத்தேன். ஏஜென்டுக்கு, 1983ஆம் வருஷச் சட்டத்தின்படி மத்திய அரசில் பதிவு இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வெளிநாடு போகிற தொழிலாளர்களுக்கென்று சென்னையிலேயே மத்திய அரசின் அலுவலகம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள் என்றேன். சம்பளம் எவ்வளவு என்பது வாய்ச்சொல்லில்தான் இருந்தது, காகிதத்தில் இல்லை.

பிறகு மூலையில் நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து, "தம்பி, உனக்குப் போக இஷ்டமா?" என்று கேட்டேன். அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் பார்த்துவிட்டு, "வீட்டுக் கடனைப் பார்த்துத்தாங்க பாஸ்டர் சரின்னேன்" என்றான். அந்தச் சகோதரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

இப்போது மூன்று பேரும் காலை ஐந்து மணிக்கு ஒன்றாக உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். ஏஜென்ட் மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார். இதை எழுதுகிற இன்றைக்கும் முடிவு வரவில்லை. பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. உங்கள் காலை ஜெபத்தில் அந்தக் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்.